குலுக்கலில் வராதவர்கள்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே மூவரும் சுகம். என் முழங்கால் மட்டும் தையல் மிஷினை மிதித்தாலும் வலிக்கிறது, மிதிக்காவிட்டாலும் வலிக்கிறது. உன் வயிற்று எரிச்சல் எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் டீயிலேயே காலத்தை ஓட்டுகிறாயா?

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போன் பண்ணினால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது இல்லையா, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் உன் மருமகளைப் பற்றி. பள்ளிக்கூடம் முடித்ததும் தொழிற்பள்ளியில் குளிர்சாதன மெக்கானிக் படிப்பில்தான் சேருவேன் என்று வாலு ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஏசி, ஃப்ரிட்ஜ், குளிர்கிடங்கு எல்லாவற்றையும் பழுது பார்க்கிற படிப்பு, ஆறு மாதம். போன வாரம் எங்கள் ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. மெக்கானிக் வருவதற்குள் இவள் பின்பக்கத்தைக் கழற்றித் தரையெல்லாம் பரப்பி வைத்துவிட்டாள். அந்த மனிதர் வந்து பார்த்துவிட்டு, "யாரு கழட்டினது? ஒழுங்காத்தான் கழட்டியிருக்காங்க" என்றார். அன்றிலிருந்து இவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

உன் அத்தானுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "நான்தான் பஸ் ஓட்டி டீசல் நாத்தத்தோட வீட்டுக்கு வரேன். என் பொண்ணாவது ஒரு மேசைக்குப் பின்னாடி உக்காரட்டும்" என்கிறார். இருவருக்கும் நடுவில் என் தலை உருளுகிறது.

தொழிற்கல்வியால் பிள்ளைகளுக்குப் பலன் உண்டா என்று ஆராயத்தானே உனக்குச் சம்பளம் தருகிறார்கள்? உண்டா, இல்லையா? தலையைச் சுற்றி மூக்கைத் தொடாமல் ஒரே வார்த்தையில் எழுது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வயிறு அப்படியேதான் இருக்கிறது. டீயைக் குறைத்துவிட்டேன் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை. முழங்காலுக்கு டாக்டரிடம் போனாயா?

ஒரு வார்த்தை கேட்டாய். அது என்னிடம் இல்லை. திட்டாதே, முழுக்கப் படி.

தொழிற்பள்ளியில் படித்தவர்களுக்கு நல்ல வேலை கிடைக்கிறது என்று பழைய அறிக்கைகள் சொல்கின்றன. ஆனால் அங்கே போய்ச் சேருகிறவர்கள் யார்? யாரும் சொல்லித்தராமலே ஃப்ரிட்ஜைக் கழற்றுகிறவர்கள். நாளைக்கு வாலு நன்றாகச் சம்பாதித்தால் அது படிப்பால் வந்ததா, அவள் சாமர்த்தியத்தால் வந்ததா? யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதற்காகத்தான் இந்த வருடம் குலுக்கல். இடங்கள் குறைவு, விண்ணப்பங்கள் அதிகம். முன்பு மதிப்பெண்ணும் சிபாரிசும் பார்த்து எடுத்தார்கள். இனி எல்லாப் பெயர்களையும் கணினியில் போட்டுக் குலுக்கி எடுப்போம். இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஐந்து வருடம் கவனிப்போம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பிள்ளைகள்தான் இருப்பார்கள், அதனால் பிற்பாடு வித்தியாசம் தெரிந்தால் அது படிப்பால் வந்ததுதான். இந்த யோசனைக்கு அனுமதி வாங்க நான் இரண்டு வருடம் மேலிடத்துப் படியேறி இறங்கினேன், அக்கா. கிடைத்த அன்று தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அத்தானைக் கேட்டதாகச் சொல். வாலுவை விண்ணப்பிக்கச் சொல், அதில் தப்பில்லை.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே யாருக்கும் சளி, காய்ச்சல் இல்லை. டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு மிஷினுக்கு மோட்டார் வைக்கச் சொன்னார். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ எழுதியதை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "உன் தம்பிகிட்ட மணி என்னன்னு கேட்டா கடிகாரம் எப்படி ஓடுதுன்னு சொல்லுவான்" என்றார். வாலு சிரித்தாளே தவிர விண்ணப்பத்தை அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். பெண் கேட்டுவிட்டாள் என்று அவரும் கையெழுத்துப் போட்டார்.

இப்போது நான் வெட்கத்தை விட்டு ஒன்று கேட்கிறேன். குலுக்கல் உன் ஆபீஸில்தான், அதுவும் உன் பிரிவில்தான் நடக்கிறது. என் பெண் பெயர் அதில் வரும்படி பார்த்துக்கொள். இத்தனை வயதில் உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

இன்னொன்று. அத்தானுக்குத் தெரிந்த குளிர்கிடங்குப் பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறார். வாலுவைத் தொழில் பழக எடுத்துக்கொள்கிறேன், மார்ச் நடுவில் பதில் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். தொழிற்பள்ளிச் சான்றிதழ் இருந்தால் பட்டறையைவிட நூறு மடங்கு மேல். ஆனால் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அவரை அலைக்கழிக்க எனக்கு மனமில்லை.

இதற்கெல்லாம் நீ எழுத்தில் பதில் போடுவது உனக்குத் தொல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் முடியாது என்றால் மட்டும் எழுது. கடிதம் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மார்ச் 18

என் தங்கத் தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய். இன்றைக்கு எனக்கு முழங்கால் வலிகூடத் தெரியவில்லை.

உன் கடிதம் வரவில்லை. அதற்கு மேல் நான் ஒன்றும் எழுத மாட்டேன், நீயும் எழுத வேண்டாம். உன் நல்ல மனசு எனக்குத் தெரியாதா?

பட்டறைக்காரரிடம் நேரில் போய் நன்றி சொல்லி, வேண்டாம் என்றேன். மனிதருக்கு வருத்தம்தான். இந்த வாரமே வேறு ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டார். நான் கெட்டி நீலத் துணி எடுத்து வாலுவுக்கு வேலை உடுப்பு இரண்டு தைத்துவிட்டேன். தொடையில் ஸ்பேனர் வைக்க நீளப் பை, மார்பில் டெஸ்டருக்குச் சின்னப் பை. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "அம்மா, ஆளைப் பாரு, மெக்கானிக் மாதிரியே இருக்கேன்ல?" என்று ஒரே அலட்டல். அத்தான் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார், ஆனால் எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

வேளைக்குச் சாப்பிடு.

சந்தோஷத்துடன்,
அக்கா

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே?

நேற்றுக் குலுக்கல் முடிந்தது. வாலுவின் பெயர் வரவில்லை.

விண்ணப்பங்களில் அவள் பெயரைப் பார்த்த அன்றே இயக்குநரிடம் போய் "இது எங்க அக்கா பொண்ணு, மேடம்" என்று சொல்லிவிட்டேன். குலுக்கல் முடியும்வரை உங்களோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதற்கு மறுநாள்தான் உன் பிப்ரவரிக் கடிதம் வந்தது. படித்தேன். விதி குறுக்கே நின்றதால் பதில் எழுதவில்லை. உன் மார்ச் கடிதத்தைப் படித்தபோது பட்டறை இடம் ஏற்கெனவே போயிருந்தது.

குலுக்கலில் யாரும் கை வைக்கவில்லை. வைக்கவும் முடியாது. அது நேர்மையாக நடந்தது என்பதை மட்டும் நம்பு.

வாலுவிடம் எப்படிச் சொல்வாய் என்று தெரியவில்லை. நான் பேசட்டுமா?

தம்பி

ஏப்ரல் 16

தம்பிக்கு,

வாலுவிடம் நானே சொல்லிவிட்டேன். நீ பேச வேண்டாம்.

குலுக்கலில் பெயர் வராததற்கு நான் உன்னைக் குறை சொல்லவில்லை. நான் கேட்டது தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடியாது என்றால் எழுது என்றுதானே எழுதினேன்? அது ஒரே ஒரு வார்த்தை. அதை எழுதியிருந்தால் என் பெண் இன்றைக்குப் பட்டறையில் இருந்திருப்பாள். விதி விதி என்று எனக்குக் காதில் பூச் சுற்றாதே. உன் இயக்குநரிடமே சொல்லி அந்த ஒரு வார்த்தையை அனுப்பச் செய்திருக்கலாம். என்னிடம் முடியாது என்று சொல்ல உனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான்.

அக்கா

ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்காவுக்கு,

ஏப்ரலுக்குப் பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. நீ எழுதியது சரி. எனக்குத் தைரியம் இல்லைதான்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மிஷினுக்கு மோட்டார் வைத்துவிட்டதாக அத்தான் போனில் சொன்னார். வாலு கணக்கியல் படிப்பில் சேர்ந்திருக்கிறாள் என்றும் சொன்னார். அவர் குரலில் சந்தோஷம் தெரிந்தது. அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டதற்கு, "இருக்கா" என்றார்.

எங்கள் ஆபீஸிலிருந்து ஒரு பெண் உங்கள் வீட்டுக்கு வருவார். குலுக்கலில் வந்தவர்கள், வராதவர்கள் எல்லோருடைய வீட்டுக்கும் போய்க் கேள்வி கேட்பார்கள். வராதவர்களில் நிறையப் பேர் கதவையே திறப்பதில்லையாம். நீ திறந்துதான் ஆக வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. உங்கள் தாள்களை நான் பார்க்கவும் மாட்டேன், அதற்கு வேறு ஆள் இருக்கிறார்.

உன் கையெழுத்தைப் பார்த்து நாளாகிறது, அக்கா. திட்டியாவது எழுது.

அன்புடன்,
தம்பி

அக்டோபர் 6

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். கோபம் என்பதற்காக அதை எழுதாமல் விட மாட்டேன்.

அந்தப் பெண் வந்தாள். நியாயமாகக் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். ஆனால் வெயிலில் வந்து வேர்த்து நின்றாள், உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்துவிட்டேன். வாலுவிடம் கேள்விமேல் கேள்வி. "இப்போதைய படிப்பு உங்கள் விருப்பத்துக்குப் பொருந்துகிறதா? மிகவும் பொருந்துகிறது, ஓரளவு பொருந்துகிறது, பொருந்தவில்லை" என்று கடையில் சாமான் சொல்கிற மாதிரி வாசித்தாள். அத்தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வாலு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு "ஓரளவு" என்றாள். பிறகு சமையலறைக்கு வந்து, "ஏசியை ரிப்பேர் பண்றேன்னு சொன்னேன். ஏசிக்குக் கீழ உக்காரப் படிக்கச் சொல்றாங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

குலுக்கலில் வராத பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருக்கிறீர்களாமே, ஒப்பீட்டுக் குழு என்று? அந்தப் பெண் கையிலிருந்த தாளில் பார்த்தேன். பெற்ற பிள்ளைக்கு நான் வைத்த பெயர் போதாதென்று இதுவேறு.

இது எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன். அடுத்த வருடம் மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்றுதான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். நேற்று தொழிற்பள்ளிக்குப் போய்க் கேட்டேன். குலுக்கலில் வராதவர்கள் ஐந்து வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கக் கூடாதாம். ஆராய்ச்சி கெட்டுப்போய்விடுமாம். விண்ணப்பத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது, அத்தான் கையெழுத்தும் இருக்கிறது என்று காட்டினார்கள்.

இது உனக்கு முன்னாலேயே தெரியுமா?

அக்கா

அக்டோபர் 14

அக்காவுக்கு,

தெரியும். அந்த விதியை எழுதியவனே நான்தான்.

கிடைக்காதவர்கள் அடுத்த வருடமே உள்ளே வந்துவிட்டால் ஒப்பிட ஆள் இருக்காது. எழுதியபோது அது ஒரு வரியாகத்தான் தெரிந்தது. சத்தியமாக வேறு எதுவும் என் மனதில் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? ஏழு மாதமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. எழுத ஒன்றும் கையில் இல்லாமல் எழுதக் கூடாது என்று இருந்தேன். வயிற்று எரிச்சலுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

போன வருடம் ஜனவரியில் நீ கேட்டதற்கு இப்போது பதில் இருக்கிறது. பலன் உண்டு.

முதல் கட்ட முடிவு மார்ச்சில் வந்தது. இடம் கிடைத்த பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பை முடித்து, கையோடு வேலைக்கும் போய்விட்டார்கள். கிடைக்காதவர்களில் பாதிப் பேருக்கு மேல் படிப்பும் இல்லை, உருப்படியான வேலையும் இல்லை. இவ்வளவு வித்தியாசம் வரும் என்று நானே நினைக்கவில்லை. ஆபீஸில் எல்லோரும் கை கொடுத்தார்கள். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. என் ஆராய்ச்சிக்கு எவ்வளவு பெரிய வெற்றியோ, வாலுவுக்கு அவ்வளவு பெரிய நஷ்டம். அதை எண்ணில் எழுதி என் மேசையிலேயே வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் இயக்குநரிடம் போய், வராதவர்களையும் இந்த வருடம் குலுக்கல் இல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். "அப்புறம் யாரை வச்சு ஒப்பிடுவே? இன்னும் நாலு வருஷம் பாக்கி இருக்கே" என்றார். "பலன் உண்டுன்னு தெரிஞ்சுபோச்சு, மேடம். இனிமே தடுத்து வச்சா நம்ம வசதிக்காகத் தடுக்கிறோம்னுதான் அர்த்தம்" என்றேன். "அக்கா பொண்ணுக்காகப் பேசறியா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். ஆமாம் என்றேன். மற்றவர்களுக்காகவும் என்றேன். இரண்டு மாதம் இழுத்தார்கள். நான் அந்த ஆராய்ச்சியை விட்டு விலக வேண்டும் என்று சொன்னார்கள். விலகிவிட்டேன். போன வாரம் உத்தரவு வந்தது.

ஜூன் 30க்குள் வாலு நேரில் போய்ப் பதிவு செய்ய வேண்டும். இது சலுகை இல்லை, வராத எல்லோருக்கும் பொது. தனித்தனியாக அறிவிப்பு அனுப்புகிறார்கள். அவளுக்கு இன்னும் அந்த ஆசை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவளையே கேள்.

அன்புடன்,
தம்பி

ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

வாலு சேர்ந்துவிட்டாள். உன் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தபோதே என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினாள், அதுதான் அவளுடைய பதில். இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அத்தான், முதல் நாள் தன் பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு போனார். இறங்கும்போது, "கையை ஜாக்கிரதையாப் பாத்துக்கோ" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது வாலு அழுதாள், நானும் அழுதேன். உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. போன வருடம் வராதவர்களில் இவளையும் சேர்த்துக் கொஞ்சம் பேர்தான் வந்திருக்கிறார்களாம். விண்ணப்பம் கொடுத்த அன்று வாலுவோடு ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதிய ஒரு பெண் இருந்தாள். அவளைக் காணோமே என்று இருவரும் விசாரித்துக்கொண்டு போனோம். அம்மா இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார், அப்பா இல்லை. பெண் வெளியூரில் பெட்டி கட்டும் ஃபேக்டரிக்குப் போய்விட்டாள்.

நான் விவரத்தைச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு அறிவிப்பே வரவில்லை. "கேள்வி கேட்க ஒருத்தங்க வந்தாங்க. தோத்துப்போன பிள்ளைகிட்ட இனி என்ன கேள்வின்னு திருப்பி அனுப்பிட்டேன்" என்றார். மறுநாள் தொழிற்பள்ளியில் கேட்டேன். உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்களுக்கு மட்டும்தான் அறிவிப்பு போயிருக்கிறது. அன்றைக்கு வெயிலில் நின்ற பெண்ணுக்கு நான் இரங்காமல் இருந்திருந்தால் எனக்கும் வந்திருக்காது.

"இந்தக் குலுக்கலை யாரும்மா போட்டது?" என்று அவர் கேட்டார். வாலு என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். இருந்தாலும் சொன்னேன். "என் தம்பிதான்." அவர் திட்டவில்லை. இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிறுத்தி வைத்துவிட்டு, "அப்படின்னா அவர்கிட்டயே கேட்டுச் சொல்லுங்க. இன்னிக்குச் சொன்னா நாளைக்குப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்துடுவேன்" என்றார்.

ஒரு தடவை என் பெண்ணுக்காகக் கேட்டு அசிங்கப்பட்டேன். இப்போது அவர் பெண்ணுக்காகக் கேட்கிறேன். தேதி போய்விட்டது என்று எனக்கும் தெரியும். இப்போதாவது சேர்த்துக்கொள்வார்களா, மாட்டார்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

முடியாது.

உன் கடிதம் காலையில் வந்தது. உடனே இயக்குநரிடம் போனேன், பிறகு தொழிற்பள்ளி முதல்வரைக் கூப்பிட்டேன். வகுப்பு தொடங்கிவிட்டது, இருக்கிற மிஷின்களின் எண்ணிக்கைக்கு மேல் ஆள் சேர்க்க முடியாது என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடம் மறுபடியும் குலுக்கல்தான். ஐந்து வருடத் தடை போய்விட்டது, அந்தப் பெண் விண்ணப்பிக்கலாம். ஆனால் பெயர் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அறிவிப்பு போகாததற்குக் காரணம் நாங்கள்தான். பதில் சொன்னவர்களின் முகவரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தனியாக ஒதுக்கி வைத்தது என் பிரிவு. அறிவிப்பு அனுப்பியவர்கள் கையில் கிடைத்த முகவரிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறக்காத வீடுகள் எத்தனையோ, அத்தனையும் விட்டுப்போயிருக்கின்றன. எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

அந்த அம்மாவிடம் நீ எதுவும் சொல்லாதே. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். என்னை அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ. முடியாது என்பதை நான் சொல்கிறேன். அவர் கேட்பதையெல்லாம் நின்று கேட்டுக்கொள்கிறேன். மற்ற வீடுகளுக்கும் போக வேண்டும். எத்தனை நாளாகும் என்று தெரியவில்லை, லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வாலுவுக்கு என் அன்பு. அத்தானுக்கும் சொல்.

உன் தம்பி